லினக்ஸில் நிர்வாகி உரிமையும் பாதுகாப்பும்

லினக்ஸ் இயங்குதளத்தில் கணினி முழுவதையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்ற பயனர் கணக்கு ரூட் எனப்படும். லினக்ஸ் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் வழங்குகிறது. ரூட்டின் எண் 0. கோப்பைப் படித்தல், எழுதுதல் ஆகியவற்றுக்கான அனுமதிகள் மற்றப் பயனர்களையே கட்டுப்படுத்தும். ரூட்டாக இடும் கட்டளையைக் கணினி பெரும்பாலும் மறுகேள்வியின்றி நிறைவேற்றும். அழிப்புக் கட்டளையில் ஓர் இடைவெளி தவறான இடத்தில் விழுந்தாலே முக்கியக் கோப்புகள் மறைந்துவிடக்கூடும்.

இணையத்தால் வரும் ஆபத்து

ஒரு நிரல், அதைத் தொடங்கிய பயனரின் உரிமையோடு இயங்குகிறது. சாதாரணப் பயனர் திறந்த உலாவியின் குறைபாடு வழியாகத் தீநிரல் நுழைந்தால், அது அப்பயனரின் கோப்புகளைத் தொடலாம். கணினியின் அடிப்படைக் கோப்புகளை எளிதில் மாற்ற முடியாது. அதே உலாவியை ரூட்டாகத் திறந்திருந்தால் இத்தடை இல்லை. தீநிரல் எல்லாப் பயனர்களின் கோப்புகளையும் படிக்கலாம். தன்னை நிலையாகப் பதித்துக்கொள்ளலாம். தன் தடயங்களையும் அழிக்கலாம்.

சூடோ

நிர்வாகி உரிமையை ஒரு கட்டளைக்கு மட்டும் பெற உதவும் நிரல் சூடோ. இதை 1980 அளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகியோர் உருவாக்கினர். இது வழக்கமாக ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. பயனரின் சொந்தக் கடவுச்சொல்லையே கேட்கும். யார், எப்போது, எந்தக் கட்டளையை இட்டார் என்பதையும் பதிவு செய்யும். 2004இல் வெளிவந்த உபுண்டு, ரூட் கணக்கின் கடவுச்சொல்லைப் பூட்டிவைத்து, சூடோவையே இயல்பான வழியாக்கியது.

சூடோவும் குறையற்றதன்று. 2011 முதல் அதில் மறைந்திருந்த ஒரு பிழையைக் குவாலிஸ் நிறுவனம் 2021 சனவரியில் வெளியிட்டது. சூடோ உரிமை இல்லாத பயனரும் அப்பிழை வழியாக ரூட் ஆக முடிந்தது. இற்றைப்படுத்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இது சான்று.

கடைப்பிடிக்க வேண்டியவை

• உலாவுதல், மின்னஞ்சல், எழுத்துப்பணி ஆகியவற்றைச் சாதாரணப் பயனராகவே செய்க.
• மென்பொருள்களை இயன்றவரை உங்கள் லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்திலிருந்தே நிறுவுக.
• இணையப் பக்கத்தில் கண்ட சூடோ கட்டளையை அப்படியே ஒட்டாதீர்கள். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் அறிந்த பின்னரே இயக்குக.
• "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தி வந்தவுடன் சூடோ சேர்க்காதீர்கள். ஏன் மறுக்கப்பட்டது என முதலில் பாருங்கள்.
• சூடோ, கடவுச்சொல்லைப் பெற்ற பின் சில நிமிடங்கள் மீண்டும் கேட்பதில்லை. அதற்குள் எழுந்து செல்வதானால் திரையைப் பூட்டுக.
• நீங்கள் எதையும் நிறுவாதபோது கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றினால், எந்த நிரல் கேட்கிறது எனத் தெரியும்வரை தட்டச்சு செய்யாதீர்கள்.
• தொலைவிலிருந்து நேரடியாக ரூட்டாக நுழையும் வசதியை முடக்குக.
• சொந்தக் கோப்புகளைத் தாக்கத் தீநிரலுக்கு நிர்வாகி உரிமை தேவையில்லை. ஆகவே அவற்றின் படி ஒன்றைத் தனி வட்டில் வைத்திருங்கள்.