321 பேரின் மனசு
வாக்குக் கணக்கு – 6

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலையில் கூடிய இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை, தன் புதிய தலைவரை வாக்கெடுப்பில் தெரிவு செய்தது. கிளிநொச்சியைத் தளமாகக் கொண்ட சிவஞானம் சிறீதரனுக்கு 184 வாக்குகள், எம்.ஏ. சுமந்திரனுக்கு 137. மூன்றாவதாக நின்ற சீனித்தம்பி யோகேஸ்வரன் வாக்களிப்புக்கு முன்னரே சிறீதரனுக்கு ஆதரவு என்று அறிவித்துவிட்டார். 1949இல் தொடங்கிய கட்சியில் தலைமைப் பதவிக்குப் போட்டி வைத்து வாக்கெண்ணியது அதுவே முதல் தடவை. அதுவரை மூத்தவர்கள் கூடிப் பேசி ஒரு பெயரில் உடன்படுவதுதான் வழக்கம்.

அமெரிக்கக் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தாங்களே தெரிவு செய்ய நடத்தும் பிரைமரித் தேர்தலுக்கு, எங்கள் பக்கத்தில் ஆகக் கிட்ட வந்தது இந்த வாக்கெடுப்புத்தான். அந்த ஜனவரியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தேத்தண்ணிக் கடைக்குக் கடை ஒரே கேள்வி: "ஆர் முன்னுக்கு நிக்கினம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. வாக்கு யாரிடம் இருக்கிறது?

கடைக்காரரிடம் இல்லை; தேத்தண்ணி குடித்தவரிடமும் இல்லை. வடக்குக் கிழக்கு முழுவதிலுமிருந்து வந்து அன்று வாக்களித்த 321 பேரிடம் மட்டுமே இருந்தது. முகநூலில் ஆயிரம் பேர் விரும்பிய ஆளுக்கு அழுத்தி வாக்களிக்கலாம், கனடாவில் இருந்தும் அழுத்தலாம். அந்த 321இல் ஒருவர்கூட அதற்குள் இல்லாமலும் போகலாம்.

சரி, பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முறையாகவே ஒரு கணிப்பு நடத்தியிருந்தால்? பட்டியலில் இருந்து குருட்டுவாக்கில் 100 பேரைப் பொறுக்கி, அவர்களும் உண்மையையே சொன்னார்கள் என்று வைப்போம். பிழை எல்லை ஏறத்தாழ 8 புள்ளி. சிறீதரனுக்கு 57 வீதம் என்று கணிப்பு சொன்னால், உண்மை நிலை 49க்கும் 65க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட ஆட்களைக் கேட்ட பிறகும் வெற்றி இன்னாருக்குத்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. 24 பேர் மனம் மாறியிருந்தால் முடிவு 161க்கு 160 என்று தலைகீழாகியிருக்கும். அரசியல்வாதி ஒருவரின் வானுக்குள் ஏற்றக்கூடிய தொகை இல்லைத்தான். ஆனால் ஒரு சிறிய பஸ்ஸுக்குள் அடங்கிவிடும்.

ஆனாலும் கையில் ஒரு தடயம் இருந்தது. 2020 ஓகஸ்ட் பொதுத்தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தமிழரசுக் கட்சியின் பட்டியலில் இருவருமே நின்றார்கள். சிறீதரனுக்கு 35,884 விருப்பு வாக்குகள், சுமந்திரனுக்கு 27,834. இருவரின் வாக்கையும் கூட்டிப் பங்கிட்டால் 56க்கு 44. திருகோணமலையில் வந்தது 57க்கு 43.

பார்த்ததும் பிரமிப்பு வரும். அவசரப்படக் கூடாது. விருப்பு வாக்கில் ஒருவர் மூன்று பேர் வரை தெரிவு செய்யலாம். ஆகவே ஒரே ஆள் இந்த இருவருக்குமே புள்ளடி போட்டிருக்கலாம். மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, வன்னிப் பேராளர்கள் அந்த யாழ்ப்பாண வாக்கில் இல்லவே இல்லை. விகிதம் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. காற்று எந்தப் பக்கம் என்பதை அது காட்டியது, அதன் வேகத்தை அல்ல. அந்த அளவுக்கு மேல் அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது.

பிரித்தானியக் கன்சர்வேட்டிவ் கட்சியின் 2022 தலைமைப் போட்டியில் லிஸ் ட்ரஸ் பெற்றது 57.4 வீதம், ரிஷி சுனக் 42.6. திருகோணமலையின் விகிதம் பதின்மப் புள்ளி வரை கிட்டத்தட்ட அதேதான்! அங்கே வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 1,42,000 பேர். கட்சி உறுப்பினர்களிடம் நேரடியாகக் கருத்துக்கணிப்பும் நடந்தது. சில கணிப்புகள் ட்ரஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்றன. வெல்பவரைச் சரியாகச் சொன்னார்கள், இடைவெளியைக் கூட்டிச் சொன்னார்கள். 2016இல் மிச்சிகன் மாநில ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் வெல்பவரே தவறிப் போனார். ஹிலாரி கிளின்டன் 20 புள்ளிக்கு மேல் முன்னிலை என்று கணிப்புகளின் சராசரி காட்டியது. வென்றவர் பேர்னி சாண்டர்ஸ். அங்கே கட்சி சாராதவர்களும் வாக்களிக்கலாம். அவர்களும் இளைஞர்களும் எவ்வளவு திரள்வார்கள் என்ற ஊகம் பிழைத்தது. அங்கேயும் சறுக்கியது 'யார் வாக்காளர்' என்ற இடத்தில்தான்.

இனி வன்னி. 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் தேசியக் கணிப்புகள் பல வெளிவந்தன. மாதாமாதம் ஏற்ற இறக்கம் பார்த்து விவாதங்களும் நடந்தன. நாட்டில் பதிவான வாக்காளர் 1 கோடி 71 இலட்சம். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 3,06,081. ஆயிரம் பேரைக் கேட்கும் தேசியக் கணிப்பில் வன்னிக்கு விழும் பங்கு 18 பேர். வவுனியாவின் தமிழர், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், மன்னார் முஸ்லிம்கள், முல்லைத்தீவுக் கரையோரத்தார், சிங்களக் குடியேற்றங்கள் எல்லாரும் அந்தப் 18க்குள். பிழை எல்லை 23 புள்ளி. போதாததற்குக் கிளிநொச்சி அந்த மாவட்டத்திலேயே இல்லை, அதன் வாக்கு யாழ்ப்பாணத்தோடு எண்ணப்படுகிறது. "வன்னி நிலவரம்" என்று யாராவது வரைபடம் காட்டினால், முதலில் எல்லைக்கோட்டைப் பாருங்கள்.

முடிவு வந்த பிறகு வாசிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு, ஜனாதிபதி வேட்பாளர் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாகத் தீர்மானித்தது. சிறீதரனோ தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் பக்கம் நின்றார். வன்னியில் சஜித்துக்கு 95,422, அரியநேத்திரனுக்கு 36,377. கட்சியின் சொல்லை வன்னி கேட்டது என்று அப்போது எழுதினார்கள். ஆனால் 2019இல் இதே சஜித்துக்கு வன்னி கொடுத்தது 82 வீதம். 2024இல் 44க்குக் கீழ். இந்த வாக்கில் முஸ்லிம்களின் பங்கும் பெரியது. மத்திய குழுவின் தீர்மானம் எத்தனை வாக்கைக் கொண்டுவந்தது என்பதை இந்தத் தொகையிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

அதே தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு வன்னியில் கிடைத்தது 21,412, பத்து வீதத்துக்கும் குறைவு. 54 நாள் கழித்து, நவம்பர் 14 பொதுத்தேர்தலில், அவருடைய தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்கோடு வன்னியின் 6 ஆசனங்களில் 2ஐ எடுத்து முதலிடத்துக்கு வந்தது. வாக்குத் தொகை ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனாலும் வீதம் 20ஐச் சற்றே தாண்டியதுதான். மீதி வாக்கு பல கட்சிகளாகச் சிதறியதால் அந்த 20 முதலிடத்துக்குப் போதுமாயிற்று. தமிழரசுக் கட்சி 29,711 வாக்கோடு ஓர் ஆசனம் பெற்றது. அதே நாளில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அக்கட்சிக்குக் கிடைத்ததும் ஒரே ஆசனம். அது சிறீதரனுக்கு, சுமந்திரன் தோற்றார்.

ஒரே பட்டியலில் நிற்பவர்களே ஒருவருக்கொருவர் போட்டியாளராகும் இந்த விருப்பு வாக்கு முறை 1989 பொதுத்தேர்தலில் முதன்முதலாக எப்படி வேலை செய்தது என்பது அடுத்த வாரம்.