திறமூல மென்பொருளும் நடத்தை நெறியும்

மூலநிரலை யாவரும் காணவும் திருத்தவும் இடந்தரும் மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்பர். அதனை ஆக்குவோருள் பலர் ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாதவர். எழுத்தே அவர்களை இணைப்பது. ஆதலின், அங்கே கடுஞ்சொல் பெருந்தீங்கு விளைக்கும்.

இதற்குச் சான்று, பின்லாந்து மாணவர் லினசு தோர்வால்ட்சு 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்சு. பிறர் அனுப்பிய நிரலிற் குறை கண்டவிடத்து அவர் எழுதிய சுடுசொற்கள் பலரைப் புண்படுத்தின. 2015இல் அக்குழுவினர் சிறு விதியொன்று வகுத்தனர். நிரல் கண்டிப்புடன் ஆராயப்படும் என்பதே அதன் முதற்கூற்று; இழிவுற்றோர் முறையிடலாம் என்பது அடுத்தது. எவை இழிவு என்பதை அது விளக்கவில்லை.

2018 செப்டம்பரில் தோர்வால்ட்சு தம் தவற்றை வெளிப்படையாக ஒப்பி, மன்னிப்புக் கேட்டுச் சிலகாலம் ஒதுங்கி நின்றார். அம்மாதமே விரிவான நடத்தை நெறியொன்று ஏற்கப்பட்டது. இகழ்ந்துரைத்தல், தொல்லை தருதல், பிறர் தனிச்செய்தியை வெளியிடுதல் ஆகியன தகா என அது வரையறுத்தது.

இதனால் நிரலின் தரம் தாழும் என அஞ்சியோர் உளர். அவ்வச்சம் பொருந்தாது. ஆக்கந்தரும் திறனாய்வை மனமுவந்து ஏற்றலும் அந்நெறியின் ஒரு கூறே. மாணவனின் கணக்கிற் பிழை கண்ட ஆசிரியர் ஏட்டிலன்றோ சிவப்பு மையால் சுழிக்கிறார். அவன் நெற்றியில் அன்று.