எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் சர்க்கரை இறங்கினால்...

சர்க்கரை ஏறுவதைப் பற்றிப் பேசாத வணிகர் நம்மில் இல்லை. மார்க்கெட்டில் சந்தித்தாலும் கல்யாண வீட்டில் சந்தித்தாலும், "உங்களுக்கு எவ்வளவு?" என்று விலை விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொள்கிறோம். ஆனால் சர்க்கரை இறங்குவதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதுவும் உடல் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, இனிப்புச் சாப்பிட்ட பிறகே சர்க்கரை இறங்கும் என்றால் நம்பக்கூட மாட்டோம்.

காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பதும், மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுவதும் நம் தொழிலோடு கூடவே பிறந்தவை. உடல் பருத்து, மருந்தாலும் நடையாலும் குறையாமல், கடைசியில் அறுவைக்குப் போகிறவர்கள் நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கும், முக்கியமாக அவர்களோடு கடையில் நிற்கும் சிப்பந்திகளுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

இரண்டு முறைகள் அதிகம் நடக்கின்றன. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற குழாயாக ஆக்கிவிடுகிறார்கள். இது 'ஸ்லீவ்' முறை. மற்றதில், இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை மட்டும் அமைத்து அதை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இது 'பைபாஸ்' முறை. 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த வழி இது. எடை குறைகிறது, பலருக்கு நீரிழிவும் கட்டுக்குள் வருகிறது. நல்ல சிகிச்சைதான். ஆனால் அதற்குப் பின் வரும் கணக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

குடோன் கணக்கு

நம் பாஷையில் சொன்னால், இரைப்பை ஒரு குடோன். வந்த சரக்கை இறக்கிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்கு அனுப்பும். அறுவைக்குப் பின் குடோன் சுருங்கிவிடுகிறது. சரக்கு வந்த வேகத்தில் மொத்தமாகக் குடலில் இறங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று ஏறுகிறது. குடலிலிருந்து புறப்படும் சில சுரப்பு நீர்களும் சேர்ந்து கணையத்தை விரட்டுகின்றன. கணையம், பெரிய லோடு வந்துவிட்டது என்று நினைத்து, பத்து சுமைக்காரர் போதும் என்ற இடத்துக்கு முப்பது பேரை அனுப்பிவிடுகிறது. அந்தச் சுமைக்காரர்தான் இன்சுலின். வந்த லோடு சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆட்கள் மட்டும் நிற்பார்கள். இருப்பில் உள்ளதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இதனால்தான் சாப்பிட்ட 1 மணி முதல் 3 மணி நேரத்துக்குள் சர்க்கரை கீழே விழுகிறது.

பெரும்பாலும் அறுவை முடிந்து ஓராண்டு கடந்த பிறகே இது தலைகாட்டும். எல்லாம் நன்றாக முடிந்தது என்று டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்ட காலம் அது. அதனால்தான் பலர் இதை அறுவையோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. 2005இல் அமெரிக்க மருத்துவர்கள் பைபாஸ் செய்துகொண்ட ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகே உலகம் இதைக் கூர்ந்து கவனித்தது.

அடையாளங்கள்

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி முதலில் வரும். இன்னும் இறங்கினால் பார்வை மங்கும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும், மயக்கமோ வலிப்போ வரலாம். நமக்குத் தெரிந்த பருப்பு மண்டி நண்பர் ஒருவர், விருந்தில் பாயசமும் ஜிலேபியும் சாப்பிட்டுவிட்டு வந்து கல்லாவில் அமர்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஐநூறு ரூபாய் நோட்டுக்கு எழுநூறு ரூபாய் மீதி கொடுத்தார். கேட்டவரிடம் எரிந்து விழுந்தார். குடித்திருக்கிறார் என்று நினைத்து வாடிக்கையாளர் முகம் சுளித்துப் போனார். நல்லவேளையாக, சட்டை நனைய வியர்த்திருப்பதைப் பார்த்த கணக்குப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே சோதித்தபோது சர்க்கரை 48. அன்று அவர் வழக்கம்போல் ஸ்கூட்டரில் வசூலுக்குக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

70க்குக் கீழ் போனால் எச்சரிக்கை; 54க்குக் கீழ் போனால் ஆபத்து. இதை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

முடிந்தால் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். வசதி இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம். நம் கடையில் தராசுக்கா பஞ்சம்? முன்கூட்டியே நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கல்லாவில் நான்கு, சட்டைப் பையில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பயத்தில் அரை டப்பாவைக் கரைத்துக் குடிக்கக் கூடாது. அது மறுபடி சுமைக்காரர்களை வரவழைக்கும்.

சர்க்கரை ஏறியதும் ஒரு முட்டையோ, ஒரு கை வேர்க்கடலையோ, கொஞ்சம் பனீரோ சாப்பிட்டால்தான் மறுபடி இறங்காமல் நிற்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்குச் சொல்ல வேண்டும்.

வராமல் காக்க

* மூன்று பெரிய சாப்பாட்டுக்குப் பதிலாக ஐந்தாறு சிறு வேளையாகச் சாப்பிட வேண்டும். பண்டிகை வியாபாரமானாலும் லோடு இறங்கினாலும் நேரம் தவறக் கூடாது.
* ஒவ்வொரு வேளையும் சுண்டல், பயறு, தயிர், முட்டை, மீன் என்று புரதம் முதலில், காய்கறி அடுத்து, சோறும் இட்லியும் கடைசியில், அளவாக.
* கரும்புச்சாறு, பழச்சாறு, கலர், சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றை விலக்க வேண்டும். நாட்டுச்சர்க்கரை, தேன் என்று பெயர் மாற்றினாலும் கணக்கு ஒன்றுதான்.
* சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், அரை மணி நேரம் விட்டுக் குடிக்க வேண்டும். மது கூடவே கூடாது.
* எதைச் சாப்பிட்டோம், எத்தனை மணிக்குத் தடுமாறியது என்று ஒரு சிட்டையில் குறித்து டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உணவு முறையால் அடங்காவிட்டால் மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்றான அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது. அவசரத்துக்குக் குளுக்கோஸே வேண்டும். முன்பிருந்தே நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், அறுவைக்குப் பின் பழைய அளவிலேயே தொடரலாமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கினால் காரணம் வேறாக இருக்கலாம். உடனே சோதிக்க வேண்டும். அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடும். அவர்கள் வண்டி ஓட்டும் முன் டாக்டரைக் கேட்பது நல்லது.

கடைக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம். சரக்குக்குக் காவல் போடுகிறோம். அறுவை செய்துகொண்ட நம் தோழர்கள் அதைச் சிப்பந்திகளிடம் மறைப்பதில் ஒரு லாபமும் இல்லை. பொட்டலம் எங்கே இருக்கிறது என்பது கடைப்பையன் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம்!