சைக்கிள் ஓடுவது பாதையிலா, நடைபாதையிலா?

"சேர், ரோட்டிலே ஓடினா பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார். நடைபாதையிலே ஓடினா ஆட்கள் ஏசுறாங்க. எங்கேதான் ஓடுறது?" டவுனுக்குச் சைக்கிளில் போய்வரும் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சைக்கிளும் ஒரு வாகனம். ஆகவே அதன் இடம் பாதை. நம் நாட்டில் வாகனங்கள் இடது பக்கமாகச் செல்வதால், சைக்கிளும் இடது ஓரமாகவே, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். நடைபாதை நடப்பவர்களுக்கு உரியது. பின்னால் சத்தமில்லாமல் வரும் சைக்கிளை வயதானவர்களும், கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் எப்படி அறிவார்கள்? நடைபாதையில் போகத்தான் வேண்டுமென்றால் இறங்கி, உருட்டிக்கொண்டு போங்கள்.

குழப்பம் வருவது இங்கேதான். நடைபாதை இல்லாத இடத்தில் நடப்பவர் வலது ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். "நடக்கிற மாதிரித்தானே" என்று சைக்கிளையும் வலது பக்கம் ஓடக் கூடாது. வளைவில் திரும்பும் கொழுந்து லொறிக்காரர், தன் பக்கத்தில் எதிரே சைக்கிள் வருமென்று நினைக்கமாட்டார். கண்டபிறகு பிரேக் பிடிக்கவும் நேரம் இருக்காது.

நமது மலைப்பாதைகளில் இன்னும் கவனம் தேவை. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. செங்குத்தான இறக்கத்தில் இறங்கி உருட்டுவது வெட்கமல்ல. பனிமூட்டத்திலும் இருட்டிலும் முன்னால் வெள்ளை வெளிச்சம், பின்னால் சிவப்பு வெளிச்சம் அவசியம்.

பெற்றோரே, பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் அன்றே இதையும் சொல்லிக் கொடுங்கள்: நடந்தால் வலது, ஓடினால் இடது.