படத்துடன் எழுத்தும் வேண்டும்



கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம் அறிவிப்புகளை இணையதளத்திலும் வாட்ஸ்அப்பிலும் படமாகவே போடுகிறோம். பார்வையற்றவர்கள் ஆண்ட்ராய்டு போனில் உள்ள ‘டாக்பேக்’ வசதியால் திரையில் இருப்பதைக் காதால் கேட்டு அறிகிறார்கள். அது எழுத்தை வாசிக்கும். படத்துக்குள் இருப்பதைப் பெரும்பாலும் வாசிக்காது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் படத்தில் மட்டும் இருந்தால், பார்வையற்ற மாணவருக்கு அந்த உதவி தவறிப்போகும்.

ஆகவே, படத்தின் கீழே முழு விவரத்தையும் யூனிகோட் தமிழில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் ஒலிக்கும்.

இது சலுகையல்ல. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 30.04.2025 அன்று தீர்ப்பளித்துள்ளது.

அருள்புரம் வட்டாரத்தில் குழுக்கள் நடத்துவோர் அடுத்த அறிவிப்பிலிருந்தே இதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

– செயலாளர்