உங்களுக்குத் தெரியுமா? கப்பல் ஊதலையும் மிஞ்சிய அடித்தொனி
திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய கப்பல் ஊதினால் நெஞ்சுக்கூடே அதிரும். 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியோ அதற்கும் கீழே, சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது!

அந்தக் கம்பியோடு காலம் தள்ளுபவர் மார்ட்டின் மென்டெஸ். உருகுவே நாட்டின் மொன்டேவிடியோவில் பிறந்தவர். 1997இல் சுவீடனின் புரோகிரசிவ் டெத் மெட்டல் குழுவான 'ஓபெத்'தில் சேர்ந்தார். வேடிக்கையைப் பாருங்கள்: மறு ஆண்டு வெளியான ஆல்பத்தில் பேஸ் வாசித்தது அவரல்ல! பாட்டுகளைப் பழக நேரம் போதாததால், பாடகர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட்டே அதையும் வாசித்துவிட்டார். 1999இல் வந்த 'ஸ்டில் லைஃப்'தான் மென்டெஸ் குழுவோடு வாசித்த முதல் ஆல்பம்.

டெத் மெட்டலின் உறுமல் குரலும் டிரம்ஸ் இடியும் பேஸை விழுங்கிவிடும் என்பார்கள். ஓபெத்தின் மெதுவான பகுதிகளைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2009இல் இக்குழு சென்னை ஐ.ஐ.டி.யின் 'சாரங்' விழாவுக்கும் வந்தது. அன்றைய ஐவரில் ஓக்கர்ஃபெல்ட்டும் மென்டெஸும் இன்றும் குழுவில் இருக்கிறார்கள்.

கேட்பதானால் ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் எட்டாது.