பட்டைக்குத் தெரிந்த அளவு

யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில், நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் நிற்கும் உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாகத் தங்குகிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் பாரம். அதனால் ஒன்றன் மேல் மற்றது மிதக்கிறது. "நல்ல தண்ணீர்க் கிணறு" என்று ஊரார் பிரித்துச் சொல்வது இந்தப் படையைத் தொட்டு நிற்கும் கிணறுகளைத்தான். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அங்குலம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அங்குலத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதையே திருப்பிப் போட்டால் நெஞ்சு திக்கென்கிறது: அவசரப்பட்டு இறைத்து மட்டத்தை 1 அங்குலம் இறக்கினால், அடியிலிருந்து உவர் 40 அங்குலம் மேலேறப் பார்க்கும். இப்படிப்பட்ட கிணற்றில் அள்ளுவதற்குத் தீவார் வைத்திருந்த கருவி துலாவும் ஓலைப்பட்டையும். அன்றாடப் பொருள் வடிவமைப்பில் அதைவிடத் தேர்ந்த ஒன்றை இந்த மண்ணில் காட்டுவது கடினம் என்பேன்.

துலாவைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இரண்டு ஆடுகால், குறுக்கே அச்சுலக்கை, அதில் ஊசலாடும் நீண்ட மரம். மரத்தின் பின்முனையில் பாரம், முன்முனையில் துலாக்கொடி, கொடி நுனியில் பட்டை. வெறும் பட்டையைக் கீழே இழுக்கும்போதுதான் கைக்கு வேலை, அதற்கும் உடம்பின் பாரமே துணை. நிறைந்த பட்டையைப் பின்பாரம் தூக்கிக் கொடுத்துவிடும். பட்டையோ, பனையோலையை மடித்துக் குவித்து, வாயின் குறுக்கே தடி வைத்துக் கட்டியது. ஈரம் பட்டால் இளகும். கிணற்றுக் கல்லில் இடித்தாலும் உடையாது. ஆழமில்லாத கிணற்றின் அடிச்சேற்றைக் கலக்காமல் சரிந்து மொள்ளும். பிய்ந்துபோனால் மாற்று ஓலை வளவுப் பனையிலேயே நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பட்டை மேலே வந்து கவிழ்ந்து மறுபடி இறங்குவதற்குள் கிணறு கொஞ்சம் ஊறிக்கொள்கிறது. எவ்வளவு அள்ளலாம் என்ற அளவைக் கருவியே தன் உடம்பில் வைத்திருக்கிறது.

யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு வரைந்ததில்லையே, ஓலையும் மரமும் தவிர வேறு வழியில்லாததால் வந்ததுதானே, இதை எப்படி வடிவமைப்பு என்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நல்ல விடை 1958இல் கிடைத்தது. இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் தம் அறிக்கையில் மிகவும் வியந்து எழுதியது நம் வீட்டுச் செம்பைப் பற்றித்தான். எவ்வளவு கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி அமர வேண்டும், ஊற்றும்போது பாரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று செம்பைப் பார்த்து அவர்கள் கேள்விகளை அடுக்கினார்கள். தனியொருவர் வரைந்ததல்ல, பல தலைமுறைக் கைகள் திருத்தித் திருத்திச் செய்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த அறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. வேறு வழியில்லாமை பொருளைக் கொடுத்திருக்கலாம். ஆனால் பட்டை பழுதான ஒவ்வொரு தடவையும் எப்படி மடித்தால் நன்றாக மொள்ளும் என்று பார்த்தவர்களின் அறிவுதான் வடிவத்தைக் கொடுத்தது. நாற்சதுர அடியில் தொடங்கி வட்ட வாயில் முடியும் பனையோலைக் கடகத்தை இழைத்த கைகளும் அதே வகைதான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. துலா உடம்பை வருத்தியது. தோட்டத்து இறைப்பில் துலா மரத்தின் மேல் ஏறி நடந்து மிதித்தவர்களின் உழைப்பையும் ஆபத்தையும் மறந்து அதைப் பாராட்டுவது அநியாயம். பிளாஸ்டிக் வாளி நாள்படும், மோட்டர் நேரத்தை மிச்சப்படுத்தும். தீவு மக்களைப் பழைய கிணற்றடிக்குப் போ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நானும் அதைச் சொல்லவில்லை. மோட்டர் வந்ததில் தவறில்லை, அளவில்லாமல் வந்ததுதான் தவறு. ஆழக் கிணறுகளுக்காகச் செய்த இயந்திரத்தை மெல்லிய நன்னீர்ப் படையின் மேல் கொண்டுவந்து வைத்தால் சவர் ஏறத்தான் செய்யும். பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டின் தராவா தீவிலும் இதே நிலத்தடி நிலைமைதான். அங்கே போன்றிக்கி என்ற இடத்தில் நீர்மட்டத்தை ஒட்டித் துளையிட்ட குழாய்களைக் கிடையாக நெடுந்தூரம் புதைத்து, மேற்படை நீரை மட்டும் மெதுவாகத் திரட்டுகிறார்கள். இயந்திரம் புதியது, புத்தி பட்டையுடையது. உவர்நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் இப்போது நம் தீவுகளிலும் குடிநீர் தருகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் தோட்டமும் ஆடுமாடும் கிணற்றைத்தான் நம்பியிருக்கின்றன.

ஓலைப்பொருள் என்றதும் நம் கைப்பணிக் கடைகளில் தொப்பியும் கைப்பையும் அர்ச்சனைப் பெட்டியும் வந்து நிற்கின்றன. அவற்றை விற்றுப் பிழைப்பவர்களை மதிக்கிறேன். ஆனாலும் பட்டையின் அறிவை அலங்காரத்துக்குள் அடைத்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்குண்டு. செய்ய வேண்டிய பொருள் வேறு: மிதவையோடு நீர்மட்டத்தைத் தொடர்ந்து இறங்கும் உறிஞ்சுவாய், சூரிய ஒளியில் நிதானமாக ஓடும் சிறு மோட்டர், மட்டம் ஒரு விரற்கடை இறங்கியதும் தானே நின்றுவிடும் விசை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் ஒரு கோடையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி நெடுந்தீவுக்கு வரட்டும். முதல் நாள் துலாக்கொடியைப் பிடித்து ஒரு பட்டை தண்ணீர் அள்ளட்டும். பிறகு கிணற்றடியில் குந்தியிருந்து, நீர் பழைய மட்டத்துக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்து எழுதட்டும்.